மூன்று இயங்குதளம், ஒரே பில்ட்: உள்ஃபோல்டர்களில் ஸ்கிரிப்ட் ஓடவைக்க முழு வழிகாட்டி

மொரீஷியஸில் ஒரு குழு சேர்ந்து மென்பொருள் எழுதினால், எல்லார் மேசையிலும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் இருக்காது. எபேன் சைபர்சிட்டி அலுவலகத்தில் மேக், ரோஸ் ஹில் வீட்டில் விண்டோஸ், சர்வரில் உபுன்டு. பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து ஒருவர் உதவுகிறார் என்றால் அவரிடம் பிரெஞ்சு விண்டோஸும் பிரெஞ்சு கீபோர்டும் இருக்கும். போதாக்குறைக்குச் சூறாவளிப் பருவம் வேறு. எச்சரிக்கை மூன்றாம் நிலையை எட்டினால் அலுவலகங்கள் மூடிவிடும். மேக் அங்கேயே நிற்க, வீட்டிலிருக்கும் பழைய விண்டோஸ் லேப்டாப்பில்தான் அன்றைய வேலை நடக்கும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துப் பேசுகிறேன்: கோவில் நாட்காட்டி ப்ராஜெக்ட். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை நாள். அதற்கு முன் இணையதளமும் அச்சுத் துண்டறிக்கையும் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் தயாராக வேண்டும். மேல் ஃபோல்டருக்குள் மூன்று உள்ஃபோல்டர்கள்: இணையதளத்துக்கு 'சைட்', தேதிகளைக் கொடுக்கும் சேவைக்கு 'ஏபிஐ', பைத்தானில் எழுதிய துண்டறிக்கை வேலைக்கு 'பிடிஎஃப்'. ஒவ்வொன்றுக்கும் தனி பில்ட் (மூலக் கோப்புகளிலிருந்து இறுதி வெளியீட்டைத் தயாரிக்கும் வேலை) உண்டு. மேலே நின்றபடி ஒரே கட்டளையில் மூன்றும் ஓட வேண்டும், எந்த மெஷினாக இருந்தாலும்.

கட்டளைகளைக் கீழே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். குறிகளையும் இடைவெளிகளையும் மட்டும் அப்படியே வையுங்கள், பாதிப் பிரச்சினை அவற்றில்தான் இருக்கிறது.

படி 1: உங்கள் வரியை யார் படிக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

'விண்டோஸில் ஓடவில்லை' என்று சொல்வது அரைத் தகவல். வரியைப் படிப்பது இயங்குதளம் இல்லை, ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல். எந்த ஷெல் படிக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நிரல்) ப்ராஜெக்டுகளில் பேக்கேஜ்களையும் ஸ்கிரிப்ட்களையும் கவனிக்கும் கருவி என்பிஎம். அதன் பேக்கேஜ்.ஜேசன் கோப்பின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் எழுதும் வரியை விண்டோஸில் சிஎம்டி என்ற ஷெல் படிக்கும். மேக்கிலும் லினக்ஸிலும் எஸ்ஹெச் என்ற ஷெல் படிக்கும். பலர் சறுக்கும் இடம் இது. நீங்கள் பவர்ஷெல் (விண்டோஸின் இன்னொரு ஷெல்) ஜன்னலில் நின்று என்பிஎம் ரன் என்று அடித்தாலும் சரி, கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவி) கூடவே கொண்டுவரும் கிட் பாஷ் ஜன்னலில் அடித்தாலும் சரி, என்பிஎம் அமைப்பை நீங்களாக மாற்றாதவரை உள்ளே வரியைப் படிப்பது சிஎம்டிதான். 'கிட் பாஷ் போட்டாச்சே, இன்னும் ஏன் தகராறு' என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

மேக் பக்கமும் இதே கதைதான். 2019-இல் வந்த கேட்டலினா முதல் மேக் டெர்மினல் இசட்ஷெல் காட்டுகிறது, ஆனால் என்பிஎம் அதைப் பயன்படுத்துவதில்லை. அது எடுக்கும் எஸ்ஹெச், மேக்கில் உண்மையில் வேஷம் போட்ட பாஷ். உபுன்டுவில் அதே பெயரில் இருப்பது டாஷ் என்ற சிறிய ஷெல். இரட்டைச் சதுர அடைப்பு, சோர்ஸ், புஷ்டி எல்லாம் பாஷுக்குத் தெரியும், டாஷுக்குத் தெரியாது. மேக்கில் சோதித்துத் திருப்தியாக அனுப்பிய வரி சர்வரில் விழுவதற்கு இது முக்கியக் காரணம். மேக்கும் லினக்ஸும் ஒன்றுதான் என்று நினைத்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கோடை ஏற்றியதும் பில்டைத் தானாக ஓட்டும் கிட்ஹப் சேவை) விண்டோஸ் மெஷின் கேட்டால் ரன் வரிகளைப் படிப்பது பவர்ஷெல் 7. விண்டோஸோடு கூடவே வரும் பழைய பவர்ஷெல் 5.1-க்கு && என்ற குறியே புரியாது; 7-க்குப் புரியும். ஆக விண்டோஸ் என்ற ஒரு பெயருக்குள்ளேயே மூன்று விதமான வாசகர்கள் இருக்கிறார்கள்.

படி 2: சிடி என்ன செய்கிறது என்று ஒரு முறை நிதானமாகப் பாருங்கள்

சிடி என்பது வேறு ஃபோல்டருக்குள் போகும் கட்டளை, சிடி .. என்றால் ஒரு படி மேலே திரும்புவது. எல்லாரும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

சிடி சைட்; என்பிஎம் ரன் பில்ட்; சிடி ..

மேக்கில் இது ஓடும். சிஎம்டியிலோ அரைப்புள்ளிக்கு 'அடுத்த கட்டளை' என்ற பொருள் கிடையாது. தவிர, சிஎம்டியின் சிடி இடைவெளியைக்கூடப் பாதையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த முழு வரியையும் ஒரே ஃபோல்டரின் பெயராக நினைத்துத் தேடிவிட்டு, அப்படி ஒரு பாதையே இல்லை என்று சொல்லும். சைட் ஃபோல்டர் கண் முன்னால் இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறதே என்று புதியவர்கள் திகைப்பது இதனால்தான்.

விண்டோஸில் ஓடாதது கூடப் பரவாயில்லை, அது சத்தம் போட்டு நிற்கிறது. மேக்கில் 'ஓடுவது'தான் ஆபத்து. அரைப்புள்ளி, முந்தைய கட்டளை தோற்றாலும் அடுத்ததை ஓட்டும். முழு வரியின் முடிவு என்று வெளியே போவது கடைசிக் கட்டளையின் முடிவு மட்டுமே. இங்கே கடைசிக் கட்டளை சிடி .. என்பது. அது எப்போதும் வெற்றிதான். நடுவில் பில்ட் நொறுங்கியிருந்தாலும் வெளியே 'எல்லாம் சரி' என்றுதான் போகும். அடுத்த படியில் இருக்கும் வெளியீட்டு ஸ்கிரிப்ட் போன வருடக் காவடித் தேதியோடு இருக்கும் பழைய பக்கத்தை எடுத்து ஏற்றிவிடும்.

சரி, அரைப்புள்ளிக்குப் பதில் && போட்டால்? சிஎம்டிக்கும் எஸ்ஹெச்சுக்கும் அது பொது. முதல் தோல்வியிலேயே நிற்கும். இது நல்ல முன்னேற்றம். ஆனால் இதையே ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் வரிவரியாக எழுதினால் வேறு சிக்கல் வரும். பில்ட் தோற்றால் சிடி .. ஓடாது. அடுத்த வரி சைட் ஃபோல்டருக்குள் நின்றபடியே தொடங்கும். அந்த அடுத்த வரி எதையாவது அழிக்கும் வரியாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே விதி. 'இப்போது நிற்கும் ஃபோல்டர்' என்பது ஒவ்வொரு ப்ராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும்) தனி. தாய் ப்ராசஸ் நிற்கும் இடம் பிள்ளைக்குப் போகும். பிள்ளை நகர்ந்தால் தாய்க்குத் தெரியாது. இந்த விதியிலிருந்து சில விஷயங்கள் தானாகக் கிடைக்கின்றன. என்பிஎம் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் பேக்கேஜ்.ஜேசன் இருக்கும் ஃபோல்டரில் புது ஷெல்லாகத் தொடங்குகிறது; ஆகவே வரியின் கடைசியில் சிடி .. போட்டுத் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை. மேக்ஃபைலில் (மேக் என்ற பில்ட் கருவியின் கட்டளைக் கோப்பு, மேக் கம்ப்யூட்டர் இல்லை) ஒரு ரெசிபியின் ஒவ்வொரு வரியும் தனித்தனி ஷெல். மேல் வரியில் சிடி எழுதி, கீழ் வரியில் பில்ட் எழுதினால் முதல் வரி வீண். எஸ்ஹெச்சில் அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது தனி ஷெல்; உள்ளே எங்கே போனாலும் வெளியே ஒன்றும் மாறாது. சிஎம்டியிலும் அடைப்புக்குறி உண்டு, ஆனால் அது வெறும் கட்டுதான். உள்ளே நகர்ந்தால் நகர்ந்ததுதான்.

படி 3: உள்ளே போகாதீர்கள், கருவியிடம் ஃபோல்டரைச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லா பில்ட் கருவிக்கும் 'அந்த ஃபோல்டரில் வேலை செய்' என்று சொல்லும் வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ஷெல்லுக்குச் சிடி என்ற வேலையே இல்லை. சண்டை போட ஆளும் இல்லை.

என்பிஎம்முக்கு:

என்பிஎம் --ப்ரிஃபிக்ஸ் சைட் ரன் பில்ட்

இதில் பில்ட் ஓடும்போது அது நிற்கும் இடம் சைட் ஃபோல்டர்தான். மேல் பேக்கேஜ்.ஜேசனில் இப்படி எழுதி, மூன்று வேலைகளையும் && போட்டுக் கோத்தால் போதும். பல சிறு ப்ராஜெக்டுகளுக்கு இந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும்.

உள்ஃபோல்டர்கள் ஒன்றையொன்று பயன்படுத்துகின்றன என்றால் என்பிஎம் 7-இல் வந்த வொர்க்ஸ்பேசஸ் இன்னும் நல்லது. மேல் பேக்கேஜ்.ஜேசனில் வொர்க்ஸ்பேசஸ் என்ற பட்டியலில் ஏபிஐ, சைட் இரண்டையும் எழுதுங்கள். பிறகு:

என்பிஎம் ரன் பில்ட் --வொர்க்ஸ்பேசஸ் --இஃப்-ப்ரெசென்ட்

பில்ட் ஸ்கிரிப்ட் இல்லாத ஃபோல்டரைக் கடைசிக் கொடி (கோடு போட்டு எழுதும் விருப்பம்) சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஓடும் வரிசை நீங்கள் பட்டியலில் எழுதிய வரிசை. எதை எது நம்பியிருக்கிறது என்று என்பிஎம் தானாகக் கணக்குப் போடாது. ஏபிஐ முடிந்த பிறகுதான் சைட் என்றால் ஏபிஐயை முதலில் எழுதுங்கள். என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் -ஆர் கொடி சார்புகளைப் பார்த்து வரிசையை அதுவே அமைத்துக்கொள்ளும்.

மற்றக் கருவிகள்: மேக்ஃபைலை ஓட்டும் மேக் கட்டளைக்கும் கிட்டுக்கும் பெரிய எழுத்து -சி, அதன் பின் ஃபோல்டர். கோ மொழிக்கும் அதே -சி, பதிப்பு 1.20 முதல், ஆனால் அது மற்றக் கொடிகளுக்கெல்லாம் முன்னால் வர வேண்டும். க்ரேடிலுக்குச் சிறிய -பி (p). மேவனுக்கு -எஃப் போட்டு உள்ஃபோல்டரின் போம் கோப்பைக் காட்டலாம். சிமேக்கில் 3.13 முதல் பெரிய -எஸ் மூல ஃபோல்டருக்கு, பெரிய -பி (B) பில்ட் ஃபோல்டருக்கு; பிறகு --பில்ட் என்று ஃபோல்டரைச் சொன்னால் ஆயிற்று. டாட்நெட் பில்டுக்கு ஃபோல்டரின் பாதையை நேராகவே கொடுக்கலாம்.

ரஸ்ட் மொழியின் கார்கோவை மட்டும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். அதன் --மேனிஃபெஸ்ட்-பாத் கொடி எந்த ப்ராஜெக்டைக் கட்டுவது என்று சொல்கிறதே தவிர, நிற்கும் இடத்தை மாற்றுவதில்லை. கார்கோவின் கான்ஃபிக் கோப்பு தேடப்படுவது நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மேல்நோக்கி. உள்ஃபோல்டருக்குள் தனி கான்ஃபிக் வைத்திருந்தால் மேலிருந்து ஓட்டும்போது அது படிக்கப்படாது. பில்ட் வெற்றி என்று வரும், அமைப்பு மட்டும் வேறாக இருக்கும்.

படி 4: ஷெல் வரியில் சண்டைக்கு இடம் கொடுக்காதீர்கள்

ஃபோல்டர் விஷயம் தீர்ந்தாலும் வரியில் வேறு பொடிப்பொடி வேலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: ஃபோல்டர் உருவாக்கு, பழையதை அழி, ஒரு மாறியை வை. அவை ஒவ்வொன்றும் ஒரு பொறி.

எம்கேடிர் -பி டிஸ்ட் என்ற வரியை (இங்கே -பி என்பது p) எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஹெச்சில் இது டிஸ்ட் ஃபோல்டரை உருவாக்கும். ஏற்கெனவே இருந்தால் பேசாமல் இருக்கும். சிஎம்டியிலும் முதல் முறை இது வெற்றிகரமாக ஓடும். என்ன, -பி என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அப்புறம் டிஸ்டையும் உருவாக்கும். அந்த -பி ஃபோல்டர் காலியாக இருக்கும்வரை கிட் அதைக் கண்டுகொள்ளாது; ப்ராஜெக்டை அப்படியே நகலெடுத்தால் கூடவே வந்துவிடும். எங்கேயாவது -பி என்ற ஃபோல்டரைப் பார்த்தால் விண்டோஸ்காரர் ஒருவர் இந்த வரியை ஓட்டியிருக்கிறார் என்று தாராளமாக முடிவு கட்டலாம். லினக்ஸில் அதை நீக்கும்போது பெயருக்கு முன்னால் ./ போடுங்கள், இல்லாவிட்டால் கொடி என்று நினைத்து மறுக்கும்.

மாறி வைப்பது இன்னும் நுணுக்கம். நோட்_என்வ்=ப்ரொடக்‌ஷன் என்று கட்டளைக்கு முன்னால் எழுதுவது எஸ்ஹெச் பழக்கம்; சிஎம்டி அதை ஒரு நிரலின் பெயர் என்று நினைக்கும். சிஎம்டிக்கு ஏற்ப செட் நோட்_என்வ்=ப்ரொடக்‌ஷன் && என்று எழுதினால், && குறிக்கு முன்னால் இருக்கும் அந்த ஒற்றை இடைவெளியும் மதிப்போடு சேர்ந்துவிடும். மதிப்பை அச்சிட்டுப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு அது வேறு சொல். இதற்கு க்ராஸ்-என்வ் என்ற சிறு பேக்கேஜ் இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டு எஸ்ஹெச் பாணியிலேயே எழுதலாம்.

மேற்கோள் குறி இரட்டையாகவே இருக்கட்டும். ஒற்றை மேற்கோள் சிஎம்டிக்கு வெறும் எழுத்து, அதை அப்படியே கருவிக்கு அனுப்பிவிடும். ஜேசனுக்குள் இரட்டை மேற்கோள் எழுத முன்னால் ஒரு பின்சாய்வு போட வேண்டும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதுதான் எங்கும் ஓடும். நட்சத்திரக் குறியை எஸ்ஹெச் தானே விரித்துக் கோப்புப் பட்டியலாக்கும், சிஎம்டி விரிக்காது. இரட்டை மேற்கோளுக்குள் வைத்துவிட்டால் எங்குமே ஷெல் விரிக்காது, கருவி விரித்துக்கொள்ளும்; கருவிக்கு அந்தத் திறன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதையில் முன்சாய்வு / போடுங்கள். நோட், பைத்தான், கிட் எல்லாமே விண்டோஸிலும் அதை ஏற்கும். பிரெஞ்சு கீபோர்டில் பின்சாய்வு வேண்டுமென்றால் விண்டோஸில் ஆல்ட்ஜிஆர் பிடித்துக்கொண்டு 8 அழுத்த வேண்டும். ரெயூனியன் நண்பரின் விரலுக்கும் இது நல்லது. விதிவிலக்கு ஒன்று: வரியின் தொடக்கத்தில் ./க்ரேடில்டபிள்யூ என்று நிரலையே அழைத்தால் சிஎம்டி அந்தப் புள்ளியையே ஒரு கட்டளை என்று நினைத்து, அப்படி எதுவும் தெரியாது என்று சொல்லிவிடும். அங்கே பின்சாய்வுதான் வேண்டும்.

அழிப்பது, நகலெடுப்பது போன்றவற்றுக்கு ரிம்ராஃப், எஸ்ஹெச்எக்ஸ் போன்ற பேக்கேஜ்கள் உண்டு. இப்படி மூன்று நான்கு உதவிப் பேக்கேஜ் சேர்ந்துவிட்டது என்றால், வரியில் எழுதுவதை நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

படி 5: ஷெல்லை விட்டுவிட்டு ஒரு சிறு ஓட்டுநர் ஸ்கிரிப்ட் எழுதுங்கள்

ப்ராஜெக்டில் நோட் எப்படியும் இருக்கிறது என்றால் நோட்டிலேயே எழுதுங்கள். மேல் ஃபோல்டரில் பில்ட்.ஜேஎஸ் என்று ஒரு கோப்பு. பேக்கேஜ்.ஜேசனில் இருக்க வேண்டியது 'நோட் பில்ட்.ஜேஎஸ்' என்ற இரண்டே சொல். இவ்வளவு சிறிய வரியை எந்த ஷெல்லும் தப்பாகப் படிக்க முடியாது.

உள்ளே செய்ய வேண்டியது இவ்வளவுதான். சைல்ட்_ப்ராசஸ் மாட்யூலிலிருந்து ஸ்பான்சிங்க் எடுங்கள். ஃபோல்டர் பெயர்களை ஒரு பட்டியலாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாத்.ஜாயின் வைத்து, இந்தக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து முழுப் பாதையைக் கட்டுங்கள். 'இப்போது நிற்கும் இடம்' என்பதை நம்ப வேண்டாம். அந்தப் பாதையை சிடபிள்யூடி என்ற விருப்பத்தில் கொடுங்கள். ஸ்டிடிஐஓ விருப்பத்துக்கு 'இன்ஹெரிட்' கொடுத்தால் உள் பில்டின் வெளியீடு நிறத்தோடு நேராகத் திரையில் வரும். திரும்பி வரும் ஸ்டேட்டஸ் பூஜ்யம் இல்லை என்றால் ப்ராசஸ்.எக்ஸிட் 1 என்று உடனே வெளியேறுங்கள். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் படி 2-இல் பார்த்த அரைப்புள்ளி வியாதி இங்கேயும் வந்துவிடும்.

விண்டோஸில் ஒரு முடிச்சு இருக்கிறது. அங்கே என்பிஎம் என்பது நிஜ நிரல் இல்லை, என்பிஎம்.சிஎம்டி என்ற பேட்ச் கோப்பு, அதாவது சிஎம்டி கட்டளைகள் எழுதிய கோப்பு. ஸ்பான்சிங்கிடம் வெறும் என்பிஎம் என்று சொன்னால் ஈஎன்ஓஇஎன்டி என்ற பிழை, அதாவது கோப்பு இல்லை. அதனால் பலர் என்பிஎம்.சிஎம்டி என்றே எழுதிவந்தார்கள். ஏப்ரல் 2024-இல் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு (நோட் 18.20.2, 20.12.2, 21.7.3 முதல்) ஷெல் விருப்பம் இல்லாமல் பேட்ச் கோப்பைத் தொடங்கினால் ஈஐஎன்விஏஎல் என்று மறுத்துவிடும். வருடக்கணக்கில் ஓடிய ஸ்கிரிப்ட் நோட்டைப் புதுப்பித்ததும் நின்றுபோனால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தீர்வு இரண்டு. ஷெல்: ட்ரூ என்று கொடுத்து, முழுக் கட்டளையையும் ஒரே சரமாக எழுதுவது எளிது, வெளியாள் கொடுக்கும் எழுத்து எதுவும் அந்தச் சரத்துக்குள் நுழையக்கூடாது, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. என்பிஎம் ரன் மூலமாக ஓடும் எந்த ஸ்கிரிப்டுக்கும் என்பிஎம்_எக்ஸெக்பாத் என்ற சூழல் மாறி கிடைக்கும். அதில் என்பிஎம்மின் ஜேஎஸ் கோப்பின் முழுப் பாதை இருக்கும். ப்ராசஸ்.எக்ஸெக்பாத் என்பது நோட்டின் பாதை. நோட்டிடம் அந்தக் கோப்பைக் கொடுத்து ரன் பில்ட் என்று சொன்னால் என்பிஎம்மைத் தொடங்க ஷெல் வேண்டியதில்லை, மூன்று இயங்குதளத்திலும் அது ஒரே மாதிரி தொடங்கும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சிடபிள்யூடி-யில் கொடுத்த ஃபோல்டர் இல்லை என்றாலும் நோட் அதே ஈஎன்ஓஇஎன்டி பிழையைத்தான் காட்டும். அதுவும் 'என்பிஎம் கிடைக்கவில்லை' என்பது போலக் காட்டும், ஃபோல்டரைப் பற்றி மூச்சே விடாது. என்பிஎம்மை மறுபடி மறுபடி நிறுவுவதற்கு முன் ஃபோல்டர் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள்.

பைத்தானில் எழுதுவதானால் சப்ப்ராசஸ்.ரன். அதற்கும் சிடபிள்யூடி உண்டு; செக்=ட்ரூ கொடுத்தால் தோல்வியில் தானே நிற்கும். பேட்ச் கோப்புத் தொல்லை இங்கேயும் இருக்கிறது, ஷட்டில்.விச் வைத்து என்பிஎம்மின் முழுப் பாதையை எடுத்துக் கொடுங்கள். நம் பிடிஎஃப் ஃபோல்டரில் பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டும்போது பைத்தான், பைத்தான்3, பிஒய் என்று மெஷினுக்கு மெஷின் மாறும் பெயர்களை நம்பாமல் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் கொடுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அதே பைத்தான்தான் அடுத்ததையும் ஓட்டும்.

படி 6: பேட்ச், எஸ்ஹெச் இரண்டும் வைத்தே ஆக வேண்டும் என்றால்

சில இடங்களில் ஓட்டுநர் ஸ்கிரிப்டை நோட்டிலும் எழுத முடியாது, பைத்தானிலும் எழுத முடியாது. அப்போது இரண்டு கோப்புகள் தவிர்க்க முடியாதவை. இரண்டையும் சமமாகப் பராமரிக்க ஆள் இருக்கிறதா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

விண்டோஸ் கோப்பு (சைட் ஃபோல்டருக்கான பகுதி மட்டும்; /பி என்பது b):

@எக்கோ ஆஃப்
புஷ்டி "%~டிபி0சைட்"
கால் என்பிஎம் ரன் பில்ட்
இஃப் எரர்லெவல் 1 எக்ஸிட் /பி 1
பாப்டி

மூன்றாவது வரியில் இருக்கும் 'கால்' என்ற சொல்லை யாரும் நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்ச் கோப்பு இன்னொரு பேட்ச் கோப்பை வெறுமனே அழைத்தால் கட்டுப்பாடு அங்கே போய்விடும், திரும்பி வராது. என்பிஎம் ஒரு பேட்ச் கோப்பு என்று பார்த்தோமே. 'கால்' இல்லாவிட்டால் சைட் பில்ட் முடிந்ததும் மொத்த ஸ்கிரிப்டும் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் முடிந்துவிடும். ஏபிஐ, பிடிஎஃப் இரண்டும் தொடங்கவே தொடங்காது. %~டிபி0 என்பது இந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டர், கடைசியில் பின்சாய்வோடு சேர்த்து. டெஸ்க்டாப்பிலிருந்து இரட்டைக் கிளிக் செய்தாலும் சரியான இடத்துக்குப் போவது அதனால்தான். புஷ்டிக்குப் பதில் சிடி எழுதினால் /டி கொடி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு டிரைவுக்குத் தாவாது.

எஸ்ஹெச் கோப்பு:

#!/பின்/எஸ்ஹெச்
செட் -ஈ
சிடி "$(டிர்நேம் "$0")"
(சிடி சைட் && என்பிஎம் ரன் பில்ட்)
(சிடி ஏபிஐ && என்பிஎம் ரன் பில்ட்)

இந்தக் கோப்பை விண்டோஸ்காரர் திருத்திச் சேமித்தால் வரி முடிவுகள் மாறிவிடக்கூடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து முதல் வரியின் கடைசியில் ஒட்டிக்கொள்ள, லினக்ஸ் அந்த எழுத்தையும் சேர்த்தே ஷெல்லின் பெயர் என்று தேடி, 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று சொல்லும். ஆளாளுக்கு எடிட்டர் அமைப்பை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்காமல் .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் இரண்டு வரி போட்டுவிடுங்கள்:

*.எஸ்ஹெச் டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்
*.பேட் டெக்ஸ்ட் ஈஓஎல்=சிஆர்எல்எஃப்

விண்டோஸில் உருவாக்கிய எஸ்ஹெச் கோப்புக்கு இயக்க அனுமதி இருக்காது. கிட் அப்டேட்-இண்டெக்ஸ் கட்டளையில் --சிஹெச்மாட்=+எக்ஸ் கொடுத்து விண்டோஸிலிருந்தே அதைப் பதியலாம்.

படி 7: ஃபோல்டர் பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள்

நம் தீவுகளில் இருப்பவர்களுக்கு இந்தப் படி மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படும். ஊர்ப் பெயர்களைப் பிரெஞ்சில் எழுதுகிறோம், எபேனிலும் ரெயூனியனிலும் எழுத்தின் தலையில் குறி வரும். அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்தால் தொல்லை ஆரம்பம். தலைக்குறியோடு சேர்ந்த எழுத்தை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எழுத்து தனி, குறி தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். லினக்ஸும் விண்டோஸும் இவற்றை இரண்டு வெவ்வேறு பெயர்களாகவே பார்க்கும். மேக்கின் ஏபிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை ஒன்றாகவே பார்க்கும்.

தமிழிலேயே இதைக் காட்டலாம். துண்டறிக்கைக் கோப்புக்குக் 'கோவில்' என்று தமிழில் பெயர் வைக்கிறீர்கள். அந்த ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டு கீபோர்ட் மென்பொருள் இரண்டு விதமாக அடித்தால், லினக்ஸ் சர்வரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 'கோவில்' கோப்புகள் நிற்கும், ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. கிட்டில் கோர்.ப்ரிகம்போஸ்யூனிகோட் என்ற அமைப்பு மேக்கில் இதை ஓரளவு சமாளிக்கும். ஆனால் பில்ட் படிக்கும் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு என்று நிறுத்திக்கொள்வதே நல்லது. தமிழும் பிரெஞ்சும் கோப்பின் உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்தும் அப்படியே. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் வித்தியாசம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். சர்வரில் மட்டும் 'கோப்பு இல்லை' என்றால் இதைப் பாருங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி வேண்டாம். பயனர் பெயரில் இடைவெளி இருந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது என்பதால், பாதைகளை எப்போதும் இரட்டை மேற்கோளில் வையுங்கள். விண்டோஸில் பாதை நீளத்துக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பு இன்னும் பல கருவிகளைக் கடிக்கிறது. ப்ராஜெக்டை ஒன்டிரைவுக்குள் ஆழமாகப் புதைக்காமல் டிரைவின் வேருக்குப் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

படி 8: மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள், உடைத்தும் பாருங்கள்

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் மேட்ரிக்ஸ் என்ற பகுதியில் உபுன்டு, விண்டோஸ், மேக் மூன்றையும் எழுதினால் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் மூன்று மெஷினிலும் ஓடும். எல்லா ரன் வரிகளையும் ஒரே ஷெல் படிக்க வேண்டும் என்றால் ஷெல்: பாஷ் என்று போடுங்கள், விண்டோஸ் மெஷினிலும் அது இருக்கிறது. ஆனாலும் என்பிஎம் ஸ்கிரிப்டின் உள் வரியைப் படிப்பது சிஎம்டிதான் என்பதை மறக்க வேண்டாம். ஒர்க்கிங்-டைரக்டரி என்ற அமைப்பு ரன் படிகளுக்கு மட்டுமே. யூசஸ் என்று அழைக்கும் ஆக்‌ஷன்களுக்கு அது பொருந்தாது. அவற்றுக்குப் பாதையை மேல் ஃபோல்டரிலிருந்தே முழுதாக எழுத வேண்டும்.

பச்சை டிக் வந்ததும் விட்டுவிடாதீர்கள். ஏபிஐ ஃபோல்டரில் வேண்டுமென்றே ஒரு எழுத்துப்பிழை செய்து மேலிருந்து பில்டை ஓட்டுங்கள். முடிந்ததும் எஸ்ஹெச்சில் எக்கோ $? என்றும், சிஎம்டியில் எக்கோ %எரர்லெவல்% என்றும், பவர்ஷெல்லில் $லாஸ்ட்எக்ஸிட்கோட் என்றும் கேளுங்கள். பூஜ்யம் வந்தால் எங்கேயோ ஒரு அரைப்புள்ளியோ, 'கால்' இல்லாத வரியோ, பார்க்காமல் விட்ட ஸ்டேட்டஸோ இருக்கிறது. அதன் பிறகு மொத்த ப்ராஜெக்டையும் இடைவெளியும் தலைக்குறியும் உள்ள ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுத்து அங்கிருந்து ஒரு முறை, வேறு டிரைவில் நின்றபடி முழுப் பாதை கொடுத்து ஒரு முறை ஓட்டுங்கள். ரெயூனியன் நண்பரின் மெஷினில் வரப்போகும் பிழைகளில் பெரும்பாலானவை உங்கள் மெஷினிலேயே வந்துவிடும்.